நிமிடங்களில் அளந்த இருட்டு

1740-களின் தொடக்கம், ரோம் நகரம். ஜுசெப்பே வாசி என்ற செப்புத்தகட்டு ஓவியரிடம் தொழில் பழகிக்கொண்டிருந்த வெனிசு இளைஞர் ஒருவருக்கு, குரு தன்னிடம் எதையோ ஒளிக்கிறார் என்ற சந்தேகம் வந்துவிட்டது. அமிலத்தைக் கையாளும் சூட்சுமத்தைத்தான் அவர் சொல்லித் தராமல் மறைக்கிறார் என்று நினைத்தார். கோபம் தலைக்கேறி குருவைக் கொல்லவே துணிந்துவிட்டார் என்று, அந்த இளைஞர் வாழ்ந்து மறைந்த பிறகு எழுதப்பட்ட வாழ்க்கைக் குறிப்பு கூறுகிறது. சொன்னவர்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது என்றே நினைக்கிறேன். சூட்சுமம் ஒன்று நிஜமாகவே இருந்தது. அதை வாயால் சொல்லித் தர அன்றைக்கு உலகத்தில் யாராலும் முடியாது. அமிலத்தின் வீரியத்தை அளக்கும் எளிய கருவி பட்டறைகளில் புழங்கவில்லை. அந்த அமிலத்தில் இருக்கும் நைட்ரஜன் என்ற தனிமத்தையே இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அந்த இளைஞர் ஜொவான்னி பத்திஸ்தா பிரனேசி. 1720-இல் வெனிசு அருகே மொல்யானோவில் பிறந்தவர். தாய்மாமன் நீர்ப்பணித் துறைப் பொறியாளர். அவரிடம் கட்டடக்கலை பழகினார், நாடக மேடைக்குத் திரைச்சீலைக் காட்சிகள் வரைவோரிடம் தூரக்காட்சி வரையும் முறை பழகினார், 1740-இல் வெனிசுத் தூதரின் பரிவாரத்தோடு ரோமுக்கு வந்து சேர்ந்தார். கட்டடக் கலைஞர் என்றே கடைசிவரை தன்னைச் சொல்லிக்கொண்டார். ஆனால் அவர் பெயர் சொல்லும் கட்டடம், ரோமின் அவெந்தீன் குன்றில் அவர் புதுப்பித்துக் கட்டிய ஒரு தேவாலயம் மட்டுமே. 1778-இல் இறந்த அவரது உடல் கடைசியில் அங்கேயே அடக்கமானது. மற்றபடி அவர் கட்டியதெல்லாம் செப்புத் தகட்டின் மேல். ஆயிரத்துக்கும் அதிகமான தகடுகள்.

அவற்றில் ‘கற்பனைச் சிறைகள்’ என்ற தொகுதியை எடுத்துக்கொள்வோம். 1750-ஐ ஒட்டி ரோமில் பூஷார் என்ற பதிப்பாளர் பதினான்கு தகடுகளாக அதை வெளியிட்டார். முகப்புத் தகட்டில் பதிப்பாளர் பெயரே தப்பாகப் பொறிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 41 செ.மீ.க்கு 55 செ.மீ. அளவு. ஏழாவது தகட்டில் பருத்த கல்தூண் ஒன்றைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது ஒரு படிக்கட்டு. அதன் குறுக்கே மரப்பாலங்கள், தொங்கும் கயிறுகள், உத்திரங்கள், அவற்றுக்கும் பின்னால் வளைவுக்குப் பின் வளைவு. ஆட்கள் எறும்பளவுக்குச் சிறுத்து எங்கெங்கோ நிற்கிறார்கள். சிறை என்று பெயர். ஆனால் சுவர் எங்கே முடிகிறது என்று தெரியாது.

இந்தப் படத்தில் கண்ணுக்கு அருகே இருப்பது கன்னங்கரேல் என்றிருக்கிறது. தொலைவில் இருப்பது வெளிறிய சாம்பல். ஆனால் அச்சிட்ட மை ஒன்றுதான், ஒரே கறுப்பு. சாம்பல் நிற மை என்று தனியாக எதுவும் இல்லை. அருகிலிருக்கும் உத்திரத்துக்கும் தொலைவிலிருக்கும் வளைவுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும், அந்தந்தக் கோட்டில் அமிலம் எத்தனை நிமிடம் நின்றது என்பதில் இருக்கிறது. பிரனேசியின் தூரமும் இருட்டும் உண்மையில் கால அளவுகள். அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

செப்புத் தகட்டில் படம் செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கூரான எஃகு உளியைக் கையால் தள்ளி உலோகத்தை உழுவது. அதற்குத் தோள்பலமும் பல வருடப் பழக்கமும் வேண்டும். கோடு ஒழுங்காக வரும், ஆனால் விறைப்பாக இருக்கும். இன்னொன்று, எட்சிங். இதில் கைக்கு உழைப்பே இல்லை. வெட்டும் வேலையை அமிலத்திடம் விட்டுவிடுகிறோம். கொல்லர் சுத்தியலால் தட்டி இறுக்கிய செப்புத் தகட்டைக் கல்லாலும் கரியாலும் கண்ணாடியாகத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் துடைக்க வேண்டும். பிறகு தகட்டைச் சூடாக்கி, தேன்மெழுகும் நிலக்கீலும் மாஸ்டிக் பிசினும் சேர்த்து உருக்கிய பூச்சைப் பட்டுத்துணிப் பொதியால் ஒற்றி ஒற்றி மெல்லிசாகப் பரப்புவார்கள். தகட்டைக் கவிழ்த்துப் பிடித்து அதன் கீழே மெழுகுதிரியை ஓட்டினால், புகைக்கரி பூச்சில் ஏறி முகம் முழுக்கக் கறுத்துவிடும். இப்போது ஊசியால் வரைந்தால் பூச்சு மட்டும் விலகி, அடியில் செம்பு பளிச்சென்று தெரியும். ஊசி செம்பைத் துளைக்க வேண்டியதில்லை. காகிதத்தில் பேனா ஓடுகிற சுலபத்தில் கை ஓடும்.

பிரனேசிக்கு இந்தச் சுலபம்தான் தேவைப்பட்டது. விரிவான ஓவியம் ஒன்றைத் தயாரித்துவிட்டு அதைத் தகட்டுக்கு நகல் எடுப்பது அவர் வழக்கமில்லை. சிவப்புச் சுண்ணத்தில் அவசரமாகக் கிறுக்கிய குறிப்புகள் போதும், மிச்சத்தைத் தகட்டின் மேலேயே நேராக வரைவார். சிறைகளின் முதல் பதிப்பில் கோடுகள் நடுங்கி, சுழன்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஓடுவதில் அந்த வேகத்தை இன்றும் பார்க்கலாம்.

அடுத்துதான் அமிலம் வருகிறது. தகட்டின் விளிம்பைச் சுற்றி மெழுகால் வரப்பு கட்டி, அதற்குள் அமிலத்தை ஊற்றுவார்கள். அந்தக் காலத்தில் இரண்டு வகை புழங்கின. வினிகர், உப்பு, நவச்சாரம், செம்புக்களிம்பு சேர்த்துக் காய்ச்சிய கலவை ஒன்று. மெதுவாக, சாதுவாக அரிக்கும். 1645-இல் ஆபிரகாம் போஸ் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய கையேட்டின் வழியாக அது ஐரோப்பா முழுக்கப் பரவியிருந்தது. மற்றொன்று, வெடியுப்பிலிருந்து காய்ச்சி இறக்கிய நைட்ரிக் அமிலம். பொற்கொல்லர்கள் தங்கத்திலிருந்து வெள்ளியைப் பிரிக்க வைத்திருந்த அதே திராவகம்.

பள்ளியில் வேதியியல் படித்தவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துத்தநாகத்தைப் போட்டால் ஹைட்ரஜன் குமிழி வரும். செம்பைப் போட்டால் ஒன்றும் நடக்காது; ஹைட்ரஜனை விரட்டும் வல்லமை செம்புக்குக் கிடையாது. அப்படியானால் நைட்ரிக் அமிலத்தில் மட்டும் அது கரைவது எப்படி? அங்கே வேலை செய்வது ஹைட்ரஜன் இல்லை, நைட்ரேட் பகுதி. அது செம்பிலிருந்து எலெக்ட்ரான்களைப் பறித்துக்கொண்டு தான் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவாக மாறுகிறது. செம்பு நீலப்பச்சைக் கரைசலாகப் போய்விடுகிறது. நிறமில்லாத அந்த வாயு காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தொட்டதும் செம்பழுப்புப் புகையாகிறது. ஒரு கிராம் செம்பு நீர்த்த அமிலத்தில் கரைந்தால் சுமார் கால் லிட்டர் நைட்ரிக் ஆக்சைடு வெளியேறும் என்று சமன்பாட்டிலிருந்து கணக்கிடலாம். பெரிய தகட்டின் மேல் குனிந்து பார்த்துக்கொண்டே நிற்கும் மனிதனின் நுரையீரலுக்கு அது நல்லதல்ல.

அந்த வாயு படத்துக்கும் தொல்லை தரும். குமிழிகள் கோட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு உட்காரும். குமிழி உட்கார்ந்த இடத்தை அமிலம் தொடாது. கோடு பற்கள் விட்டுப் பிசிறடிக்கும். அதனால் பறவை இறகு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அமிலத்தின் பரப்பை மெதுவாக வருடி வருடிக் குமிழிகளை அகற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதே குமிழிகள்தான் தொழிலாளியின் அளவுகோலும்கூட. பொங்கி வந்தால் அமிலம் உக்கிரமாக இருக்கிறது என்று பொருள், தண்ணீர் விட வேண்டும். மந்தமானால் வீரியம் குறைந்துவிட்டது.

1772-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி பலவகைக் காற்றுகளைப் பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டார். உலோகங்களின் மேல் இதே அமிலத்தை விட்டு வரும் வாயுவைச் சேகரித்து, அதைச் சாதாரணக் காற்றோடு கலந்தால் எவ்வளவு சுருங்குகிறது என்று பார்த்து, காற்று சுவாசிக்க எவ்வளவு நல்லது என்பதை அளக்க முயன்றார். ஆக்சிஜனைத் தேடிப்போன பாதையில் அது முக்கியமான ஒரு படி. பிரனேசி இறகால் ஒதுக்கித் தள்ளிய குமிழிகளும் பிரீஸ்ட்லி கண்ணாடிக் குடுவையில் பிடித்து வைத்த வாயுவும் ஒன்றே. இருவரும் ஒரே காலத்தவர்கள். ஒருவர் பட்டறையில் நடப்பது இன்னொருவர் மேசையில் விளக்கம் பெற்றுக்கொண்டிருந்தது. இருவருக்கும் இடையே ஒரு வார்த்தையும் பரிமாறப்பட்டதாகத் தெரியவில்லை. விஞ்ஞான வரலாற்றை எழுதுகிறவர்கள் பட்டறைகளை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது இம்மாதிரி இடங்களில்தான்.

சூட்சுமத்துக்கு வருவோம். அமிலத்தில் தகடு எவ்வளவு நேரம் கிடக்க வேண்டும்? இதற்கு நிலையான பதில் இல்லாததற்குக் காரணங்கள் பல. வேதிவினைகள் வெப்பம் கூடக்கூட விரைவடையும். ரோமின் ஜனவரிக் குளிரில் சரியாக இருந்த நேரம் ஆகஸ்ட் வெயிலில் தகட்டையே பாழாக்கிவிடும். வினையே வெப்பத்தை உமிழ்கிறது, ஆகவே கோடுகள் நெருங்கிய பகுதி சூடேறி இன்னும் வேகமாக அரிபடும். போதாக்குறைக்கு, இந்த வினைக்குத் தன்னைத்தானே ஊக்கிக்கொள்ளும் குணமும் உண்டு. செம்பு கரையும்போது சிறிதளவு நைட்ரஸ் அமிலம் உருவாகிறது. அது மேற்கொண்டு வினையைத் தூண்டுகிறது. அதனால் புத்தம் புதிய அமிலம் முதலில் தயங்கும், பிறகு திடீரென்று பாயும். அனுபவசாலிகள் புது அமிலத்தில் கொஞ்சம் செப்புத் துணுக்குகளைப் போட்டுக் கரையவிட்டு, நிறம் மாறிய பிறகே தகட்டின் மேல் ஊற்றுவார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் செய்வார்கள். வாசி தன் சீடனுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்லிப் புரியவைத்திருப்பார்?

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அமிலத்துக்கு மேல் கீழ் தெரியாது; எல்லாப் பக்கமும் சமமாக அரிக்கும். கோட்டை ஆழமாக்க ஆழமாக்க, வெள்ளம் ஆற்றங்கரையை அடியில் குடைவது போலப் பூச்சுக்குக் கீழே பக்கவாட்டிலும் குடைந்துகொண்டே போகும். கணக்குக்காகச் சொன்னால், 0.1 மி.மீ. அகலத்தில் ஊசி இழுத்த கோட்டை 0.2 மி.மீ. ஆழத்துக்கு அரிக்கவிட்டால், இரு பக்கமும் 0.2 மி.மீ. கரைந்து, வாய் அகலம் 0.5 மி.மீ. ஆகிவிடும். அருகருகே இரண்டு கோடுகள் இருந்தால் நடுவிலுள்ள சுவர் இடிந்து இரண்டும் ஒரே குழியாகும். குழி அகலமானால் அச்சிடும்போது துடைக்கும் துணி உள்ளிருக்கும் மையையும் வாரிக்கொண்டு போய்விடும். கறுப்பாக வர வேண்டிய இடம் வெளுத்துப்போகும். மின்னணுவியல் மாணவர்கள் பெர்ரிக் குளோரைடு கரைசலில் சர்க்யூட் பலகையை அரிக்கும்போது சந்திப்பது இதே சிக்கலைத்தான். அங்கே செப்புப் படலம் பொதுவாக 35 மைக்ரான் கனம் மட்டுமே என்பதால் சமாளித்துவிடலாம். சிப் தயாரிப்பவர்களுக்கு அதுவும் பொறுக்காது; நேர்க்கீழாக மட்டும் அரிக்க வேண்டும் என்பதற்காகவே திரவத்தை விட்டுவிட்டுப் பிளாஸ்மாவுக்குப் போனார்கள்.

பிரனேசியின் திறமை முழுவதும் இனிமேல்தான். படம் முழுக்க ஊசியால் வரைந்தாயிற்று. முதல் முறை அமிலத்தை ஊற்றி, சற்று நேரத்தில் வடித்துவிட்டுத் தகட்டைக் கழுவுகிறார். தொலைவிலுள்ள வளைவுகளுக்கு அந்த ஆழம் போதும். அந்தப் பகுதியை மட்டும் அமிலம் ஏறாத வார்னிஷால் தூரிகை கொண்டு மூடிவிட்டு, மறுபடி அமிலம். இப்போது நடுத்தூரத்துத் தூண்களும் படிகளும் ஆழமாகின்றன. அவற்றையும் மூடுகிறார். மறுபடி அமிலம். கடைசியில் திறந்திருப்பது கண்முன் தொங்கும் கயிறுகளும் உத்திரங்களும் மட்டும். எல்லா முறையும் அமிலத்தைக் குடித்த கோடுகள் அவை. எந்த இடம் எந்தச் சுற்றில் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே மனத்தில் பார்த்துவிட்டவரால்தான் இது முடியும். ஒருமுறை ஆழமானதை மேலே கொண்டுவருவது எளிதல்ல. அதோடு, வேலை நடக்கும்போது தகடு கறுப்பு, கோடுகள் செம்புப் பளபளப்பு. அச்சில் வரப்போவதற்கு நேர் எதிர்மறை. இடமும் வலமும் வேறு மாறி விழும்.

ஆழம் எப்படிக் கறுப்பாகிறது என்பதை அச்சுக்கூடத்தில் பார்க்க வேண்டும். கரித்தூளைக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் அரைத்த கெட்டி மை. தகட்டைக் கணப்பின் மேல் லேசாகச் சூடாக்கினால் மை இளகிக் கோடுகளுக்குள் இறங்கும். மேற்பரப்பிலுள்ளதைத் துணியால் துடைத்து, கடைசியாகச் சுண்ணத்தூள் தடவிய உள்ளங்கையால் வழிப்பார்கள். துணியைவிடக் கை நல்லது. துணி கோட்டுக்குள் நுழையும், உள்ளங்கை மேலாகவே போகும். காகிதம் கந்தல் துணியில் செய்தது, முன்கூட்டியே நனைத்து வைத்தது. ஈரம் ஏறிய இழைகள் உப்பி மெத்தென்று இருக்கும். தகடு, காகிதம், அதன்மேல் கம்பளி என்று அடுக்கி இரண்டு உருளைகளுக்கு நடுவே செலுத்தினால், அந்த அழுத்தத்தில் காகிதம் ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வெளியே வரும். ஆகவே அச்சில் கோடு தட்டையாக இருக்காது, சிறு மேடாக எழுந்து நிற்கும். சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும். ஆழக் கோடு தடித்த மையை ஏற்றி வருகிறது, கறுப்பு கனக்கிறது. மேலோட்டமான கோட்டில் மை மெல்லிழைதான். காகிதத்தின் வெண்மையோடு கலந்து கண்ணுக்குச் சாம்பலாகிறது.

முதல் பதிப்பு வந்து பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து, 1761-இல், பிரனேசி அதே தகடுகளை மறுபடி கையில் எடுத்தார். இப்போது அவரே பதிப்பாளர். புதிதாக இரண்டு தகடுகள் சேர்த்துப் பதினாறாக்கினார். பழைய பதினான்கிலும் கை வைத்தார். மெழுகுப் பூச்சைத் துணிப் பொதியால் மேற்பரப்பில் மட்டும் படும்படி ஒற்றினால் பழைய கோடுகள் திறந்தே இருக்கும். அமிலம் அவற்றை மேலும் ஆழமாக்கும். பூச்சு உள்ளேயும் இறங்கும்படி மூடினால் பழையது காப்பாற்றப்படும், மேலே புதிதாக வரையலாம். வேண்டாதவற்றைச் சுரண்டி எடுத்து, மெருகுக் கம்பியால் தேய்த்து மட்டமாக்கலாம். பெரிதாகச் சுரண்டினால் அங்கே பள்ளம் விழும், மை தேங்கும். அப்போது தகட்டைத் திருப்பிப் போட்டு, பின்புறத்திலிருந்து சுத்தியலால் தட்டி அந்த இடத்தை மேலே எழுப்ப வேண்டும்.

ஏழாம் தகட்டின் இரு பதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய அருங்காட்சியகங்கள் பல இவற்றை நுண்துல்லியப் படங்களாக இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. முதலாவதில் காற்றும் வெளிச்சமும் இருக்கின்றன. பாதி வரைந்து விட்ட கனவு. இரண்டாவதில் மூலைகள் இருண்டு, புதுப் பாலங்கள் பின்னால் முளைத்து, இல்லாத இடத்தில் மேலும் ஒரு தளம் திறக்கிறது. கண்டவர்களை நடுங்க வைத்துப் புகழ் பெற்றது இந்த இரண்டாம் பதிப்புதான். ஆங்கில எழுத்தாளர் தாமஸ் டி குவின்சி 1821-இல், நண்பர் கோல்ரிட்ஜ் வாய்மொழியாக விவரிக்கக் கேட்டதை வைத்தே இந்தப் படிக்கட்டுகளைப் பற்றி எழுதினார். படங்களைத் தன் கண்ணால் அவர் பார்த்திருக்கவில்லை. எனக்கு முதல் பதிப்பின் மேல்தான் பிரியம் அதிகம். அதில் கை ஓடிய ஓட்டம் தெரிகிறது. ஆனாலும் ஒரு கலைஞர் நாற்பது வயதில் தன் முப்பது வயதோடு ஒரே செப்புத் தகட்டின் மேல் வாதாடியதை, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உணர முடிகிறது. பல இடங்களில் சுரண்டி அழித்த கோடுகளின் சாயல் முழுதாகப் போகவில்லை. புதிய தூணுக்குப் பின்னால் பழைய வளைவு மங்கலாக எட்டிப் பார்க்கிறது.

செம்பு மென்மையான உலோகம். ஒவ்வொரு அச்சுக்கும் மை பூசுவதும் துடைப்பதும் அழுத்துவதும் அதன் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும். இதில் முதலில் மறைவது எது? ஆழம் குறைந்த கோடுகள்தான். அமிலத்தில் சில நிமிடமே நின்ற தொலைதூர வளைவுகள் வெளிறி, பிறகு அறவே காணாமல் போகும். நீண்ட நேரம் நின்ற கயிறும் உத்திரமும் நெடுநாள் தாங்கும். எனவே பிந்தி எடுத்த பிரதி ஒன்றைப் பார்த்தால் படம் முழுவதும் ஒரேயடியாக மங்குவதில்லை, அதன் தொலைவுகள் சுருங்கிவிடுகின்றன. பின்னாலிருந்த அறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, சிறை சின்னதாகிவிடுகிறது. அசல் பிரனேசி என்று யாராவது ஒரு படத்தை விலைக்குக் காட்டினால், நிபுணர்கள் முன்னால் இருக்கும் கறுப்பைப் பார்ப்பதில்லை. மிகத் தொலைவிலுள்ள மெல்லிய கோடுகள் உயிரோடு இருக்கின்றனவா என்று தேடுகிறார்கள். காகிதத்தின் நீர்க்குறியும் எந்தக் காலத்து அச்சு என்று காட்டிக்கொடுக்கும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், மின்பகுப்பு முறையில் செம்பின் மேல் மெல்லிய இரும்புப் படலம் ஏற்றித் தேய்மானத்தைத் தடுக்கும் வழி வந்தது. பிரனேசிக்கு அது கிட்டவில்லை.

அவருக்குப் பின் தகடுகள் பெரும் பயணம் போயின. 1799-இல் பிள்ளைகள் அவற்றைப் பாரிசுக்குக் கொண்டுபோய் அங்கே அச்சிட்டு விற்றார்கள். பின்னர் ஃபிர்மின் திதோ என்ற பதிப்பகத்தார் கைக்கு மாறின. 1830-களின் இறுதியில் போப்பின் அரசு மொத்தத்தையும் விலைகொடுத்து வாங்கி ரோமுக்குத் திருப்பிக்கொண்டு வந்தது. இன்று அவை ரோமிலுள்ள மத்திய வரைகலை நிறுவனத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. அங்கே தகடுகளை அச்சடிக்கும் கருவிகளாக மட்டும் கருதாமல், தம்மளவில் கலைப்படைப்புகளாகவே காட்சிக்கு வைக்கிறார்கள். அது மிகச் சரியான முடிவு. காகிதத்தில் கறுப்பாகத் தெரிந்ததெல்லாம் செம்பில் பள்ளமாக இருக்கிறது. எந்தக் கோடு எந்தச் சுற்றில் மூடப்பட்டது, எது கடைசிவரை அமிலத்தில் கிடந்தது, 1761-இல் எங்கெல்லாம் சுரண்டி எங்கெல்லாம் மறுபடி அரிக்கவிட்டார் என்பதைத் தகட்டின் மேலேயே சாய்வெளிச்சத்தில் தொடர்ந்து பார்க்கலாம்.